பசிச்சா தானா திங்கும்?

எங்க வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து நாலு மாசம் ஆச்சுங்க. புனே மழைல, பார்க்கிங்ல நின்ன ஸ்கூட்டருக்கு அடியில கத்திக்கிட்டு இருந்துச்சு. தாய்ப்பூனையை ரெண்டு நாளா காணோம்னு வாட்ச்மேன் சொன்னார். பொண்ணு தூக்கிட்டு வந்துட்டா. ஏழு வாரக் குட்டி இருக்கும்னு டாக்டர் சொன்னார். எதிர்வீட்டு மராத்தி காகு பாத்த உடனே 'மனி மாவ்'னு கொஞ்சினாங்க. இங்க பூனைன்னாலே மனிதான். அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. அப்ப தூத்துக்குடியில இருந்து வந்திருந்த அம்மாவுக்குத்தான் தாங்கல. "ஏல, மணின்னா நாய்க்குல்லா வைப்பாவ?"

பேர் தகராறு அதோட முடிஞ்சுது. சாப்பாட்டுத் தகராறு முடியல. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. இதுல குத்தவாளி நான்தான், முதல்லயே சொல்லிடறேன்.

முதல் அஞ்சு நாள் கடையில விக்கிற குழகுழன்னு இருக்கிற பாக்கெட் உணவைக் கொடுத்தோம். நல்லா சாப்பிட்டுச்சு. ஒரு பாக்கெட் ஐம்பது ரூபாய் பக்கம். ஒரு நாளைக்கு மூணு. நமக்குத்தான் மாசக் கணக்கு போடற புத்தி ஆச்சே. டிரை ஃபுட் மூட்டை ஒண்ணு வாங்கினேன். அம்மா "கருவாடா?"ன்னு ஆசையா எட்டிப் பாத்தாங்க. மொறுமொறு உருண்டையைப் பாத்துட்டு ஏமாந்து போயிட்டாங்க. மனியும் அப்படியேதான். மோந்து பாத்துச்சு, திரும்பிப் போயிடுச்சு.

கடைக்காரர்கிட்ட கேட்டேன். "ரெண்டு நாள் வேற எதுவும் போடாதீங்க சாப், பசிச்சா தானா சாப்பிடும்"னார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நம்ம எல்லாரும் அப்படித்தானே வளந்தோம்? உப்புமாவைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சா, "பசிச்சா தானா வரும்"னு தட்டை மூடி வச்சுடுவாங்க. சாயங்காலம் நாமளும் தின்னுடுவோம்.

தங்கமணி ரெண்டு தடவை சொன்னாங்க, "ஏங்க, குட்டிங்க அது". நான் கேக்கல. பொண்ணு ஒளிச்சு வச்ச பாக்கெட்டைக் கூட பிடுங்கி வச்சேன். ஒரு பகல், ஒரு ராத்திரி போச்சு. மறுநாள் மத்தியானம் பாத்தா குட்டி துவண்டு கிடக்கு. காதெல்லாம் சில்லுன்னு இருக்கு. கூப்பிட்டா தலையைத் தூக்கல.

டாக்டர்கிட்ட ஓடினோம். ரத்தத்துல சர்க்கரை இறங்கிடுச்சுன்னார். ஈறுல குளுக்கோஸ் தடவி, வெதுவெதுப்பா சுத்தி வச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் 'மியா'ன்னுச்சு. பொண்ணு வண்டியில ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து கேட்டா, "அது சின்னதுதானேப்பா, அதுகிட்ட போய் ஏன் ஜெயிக்கணும்?" இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

டாக்டர் சொன்னது இதுதான். குட்டியோட உடம்புல சேமிப்பே கிடையாது. ரெண்டு மூணு வேளை தவறினாலே ஆபத்து. பெரிய பூனையையும் பட்டினி போடக் கூடாது. சில நாள் சாப்பிடலைன்னா உடம்புக் கொழுப்பு கல்லீரல்ல போய் சேந்து உயிருக்கே உலை வைக்கும். குண்டுப் பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். இன்னொண்ணு, பூனை வாசனையை வச்சுத்தான் சாப்பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கும். சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தாலும் சாப்பிடாது. நாம அதை வீம்புன்னு நினைச்சுக்குவோம்.

அம்மா கட்சி வேற. "பாலும் தயிர்சோறும் போடுல, நம்ம ஊர்ல பூனையெல்லாம் அதைத் தின்னுதான் வளந்துச்சு." அம்மா பொய் சொல்லல. ஆனா அந்தப் பூனை நம்ம கொடுத்த தயிர்சோத்துல மட்டும் வளரல. கொல்லையில எலி, பல்லி, ஓணான், மீன்காரம்மா வீசின மீன்தலைன்னு அது பாட்டுக்கு வேட்டையாடி வளந்துச்சு. தயிர்சோறு மேல்வரும்படிதான். ஏழாவது மாடி ஃபிளாட்ல எலிக்கு எங்க போகும்? இங்க அது வாயில போற ஒவ்வொரு கவளமும் நம்ம கையிலதான் இருக்கு.

பூனை முழு மாமிசப் பிராணி. டாரின்னு ஒரு சத்து அதுக்குக் கட்டாயம் வேணும். தேவையான அளவுக்கு அது உடம்பே தயாரிச்சுக்காது, கறி மீன்ல இருந்துதான் வரணும். அது குறைஞ்சா பூனையோட இதயத் தசை பலவீனமாகும்னு 1987ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. நிறைய பூனைக்கு மாட்டுப்பால் செரிக்காம வயித்தால போகும். அம்மா பால்ல சர்க்கரை வேற போட்டுப் பாத்தாங்க. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதுக்கான மரபணு வேலை செய்யறதில்லைன்னு 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்க. :-)

அப்புறம் எப்படித்தான் மாத்தினோம்? எங்களுக்குப் பலிச்சது இது.

1. குட்டிக்குன்னே வர்ற டிரை ஃபுட்தான் வாங்கணும். பெரிய பூனைக்கானது வளர்ற குட்டிக்குப் போதாது.

2. உருண்டையை வெதுவெதுப்பான தண்ணில பத்து பதினஞ்சு நிமிஷம் ஊறவச்சு மசிக்கணும். வெந்நீர் வேண்டாம், பாலும் வேண்டாம். லேசா சூடா இருந்தாத்தான் வாசனை வரும்.

3. பழைய சாப்பாடு முக்கால் பங்கு, புதுசு கால் பங்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாதிக்குப் பாதி. அப்புறம் புதுசு முக்கால். சாதாரணமா ஏழுலேர்ந்து பத்து நாள்ல மாறிடும்பாங்க. எங்க மகாராணிக்கு மூணு வாரம் ஆச்சு. முரண்டு பிடிச்சா ஒரு படி கீழ இறங்கிடணும்.

4. கலவை பழகினதும் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

5. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. ஊறினது மிஞ்சினா எடுத்துக் கொட்டிடணும். நம்ம ஊர் சூட்டுக்குச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

6. டிரை ஃபுட்ல ஈரம் பத்து சதவீதம் அளவுதான். பாக்கெட் உணவுல முக்கால்வாசி தண்ணி. அதனால ரெண்டு இடத்துல தண்ணிக் கிண்ணம் வைக்கணும். நாங்க இன்னும் ஒரு வேளை பாக்கெட் உணவே கொடுக்கறோம்.

7. குழம்பு, ரசம் கலந்த எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம்.

8. ரெண்டு வேளை தொடர்ந்து தொடலைன்னா டாக்டர்கிட்ட போங்க. கடைக்காரர்கிட்ட இல்லை.

இதுல எனக்கு வெக்கமா இருக்கிறது எதுன்னா, இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல மெஸ்ல தினமும் காலைல போஹா, ராத்திரி சப்பாத்தி. ஒரு வாரத்துல துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. அப்ப யாரும் என்னைப் பட்டினி போட்டுப் பழக்கல. அம்மா இட்லிப்பொடி இடிச்சு பார்சல் அனுப்பினாங்க. அதைச் சப்பாத்தில தடவித் தடவித்தான் சப்பாத்தி உள்ள இறங்கிச்சு. பொடி குறையக் குறைய பழகிடுச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை மிசல் பாவ் இல்லைன்னா எனக்குக் கோவம் வருது.

அம்மாவை விட்டு, தெரியாத வீட்டுக்கு வந்து, தெரியாத சாப்பாட்டு முன்னாடி உக்காந்திருந்த ஜீவன் அது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கே அது புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்? பாதி பழசு, பாதி புதுசு. அந்தக் கணக்கு நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்.

இப்ப மனி மொறுமொறுன்னு கடிச்சுச் சாப்பிடற சத்தம் ஹாலுக்குக் கேக்குது. அம்மா ஊருக்குப் போயாச்சு. போன் பண்ணா முதல் கேள்வி, "மணி தின்னுச்சால?" அப்புறம்தான் எங்களைப் பத்தி.

உங்க வீட்டுக் குட்டி எதைத் தொடமாட்டேங்குது? எப்படிப் பழக்கினீங்க? சொல்லிட்டுப் போங்க.