போனில் எழுதியிருந்த வேகம் எங்கே போயிற்று?

2008-ம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம்.

ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்றார். புதிய போன் ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் ஐபோன் 3ஜி.

முந்தைய ஆண்டு வந்த முதல் ஐபோனில் இன்டர்நெட் ஆமை வேகத்தில் வருகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வந்ததுதான் இந்தப் புதிய போன்.

பழைய போன், புதிய போன் இரண்டையும் ஜாப்ஸ் திரையில் காட்டினார். இரண்டிலும் ஒரே இணையப் பக்கம். படங்கள் நிறைந்த 'நேஷனல் ஜியாகிராபிக்' பக்கம் அது. புதிய போனில் 21 வினாடியில் வந்துவிட்டது. பழைய போனில் 59 வினாடி ஆயிற்று!

"இரு மடங்கு வேகம், பாதி விலை" என்று விளம்பரம் செய்தார்கள். விலை குறைந்தது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இன்டர்நெட்டுக்கான மாதக் கட்டணம் 10 டாலர் கூடியது. அதை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை.

ஜூலை மாதம் போன் விற்பனைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சில வாரங்களில் புகார்கள் கிளம்பின. "வேகம் எங்கே?" என்று கேட்டார்கள். அலபாமா மாநிலத்தில் ஒரு பெண்மணி வழக்கே போட்டுவிட்டார்.

யார் குற்றம்?

போன் குற்றமா? கோபுரம் வைத்திருக்கும் டெலிபோன் கம்பெனி குற்றமா?

சுவீடன் நாட்டில் ஒரு பத்திரிகை இதை விடவில்லை. ஐபோனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியது. வேறு கம்பெனிகளின் இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஐபோனின் ஆன்டெனா மற்றவற்றைப் போலவே சரியாக வேலை செய்தது. போனில் கோளாறு இல்லை!

அமெரிக்காவில் 'வயர்டு' பத்திரிகை வேறு வழியில் போயிற்று. "உங்கள் போனின் வேகத்தை நீங்களே அளந்து சொல்லுங்கள்" என்று வாசகர்களைக் கேட்டது. பல நாடுகளில் இருந்து 2,600-க்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள்.

போன் ஒன்றுதான். ஆனால் வேகம் நாட்டுக்கு நாடு மாறியது. ஜெர்மனியிலும் ஹாலந்திலும் வினாடிக்குச் சுமார் 2,000 கிலோபிட் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனியின் இணைப்பில் அதில் பாதிகூட இல்லை. ஜாப்ஸ் மேடை ஏறிய அதே சான்பிரான்சிஸ்கோவில், பதில் சொன்ன 30 பேரில் 10 பேருக்குப் பழைய போனின் வேகத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைத்தது!

காரணம் என்ன?

தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும், தெருவில் வரும் தண்ணீர்தானே அதில் வரும்? காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் போல ஒழுகும். செல்போன் கோபுரமும் அப்படியே. அதன் கீழ் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கோபுரம் தூரத்தில் இருந்தால் வேகம் குறையும். தடித்த சுவர் குறுக்கே நின்றாலும் குறையும்.

மேடையில் நடந்த போட்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. வேறு கம்பெனிகளின் 3ஜி போன்கள் இரண்டில் அதே பக்கம் வர 33, 34 வினாடி ஆயிற்று என்றும் ஜாப்ஸ் காட்டினார். எல்லாம் 3ஜிதான். பிறகு ஏன் வித்தியாசம்? வந்து சேர்ந்த பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவது போனின் வேலை. அதற்கும் நேரம் பிடிக்கும். ஆகவே, பக்கம் திறக்கும் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்டர்நெட் வேகத்தைச் சொல்லிவிட முடியாது.

எட்டால் வகுக்க வேண்டும்

விளம்பரத்தில் வரும் எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டு, படம் ஆகியவற்றின் அளவை 'பைட்' கணக்கில் சொல்வார்கள். வேகத்தை மட்டும் 'பிட்' கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

அந்தக் கால 3ஜி போனுக்கு 3.6 மெகாபிட் என்று போட்டார்கள். அப்படியானால் 4 மெகாபைட் உள்ள ஒரு பாட்டு 9 வினாடியில் வரவேண்டும். ஜெர்மனியில் கிடைத்த வேகத்தில் 16 வினாடி ஆகும். ஆஸ்திரேலியாவில் அரை நிமிடத்துக்கும் மேலே! 3.6 என்பது உச்ச அளவு. கோபுரத்தின் அருகே, வேறு யாரும் இல்லாதபோதுதான் அதை எட்டலாம்.

இங்கிலாந்தில் தடை

இங்கிலாந்து டெலிவிஷனில் ஒரு விளம்பரம் வந்தது. ஐபோன் 3ஜியில் எல்லாமே "மிக மிக வேகம்" என்றது. விரல் தொட்டதும் பக்கங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தன. 17 பேர் புகார் செய்தார்கள்.

"பழைய போனுடன் ஒப்பிட்டுத்தான் சொன்னோம். இடத்துக்கு இடம் வேகம் மாறும் என்று அடியில் எழுதியிருக்கிறோமே" என்றது கம்பெனி. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்த விளம்பரத்தை அதே வடிவில் மீண்டும் காட்டக் கூடாது என்று 2008 நவம்பரில் தீர்ப்புக் கூறியது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2008 ஆகஸ்டு 22-ந் தேதி ஏர்டெல், வோடபோன் கம்பெனிகள் ஐபோன் 3ஜியை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தன. விலை 31,000 ரூபாய். அன்று இந்தியாவில் 3ஜி சேவையே கிடையாது! அந்த ஆண்டு டிசம்பரில்தான் அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். டில்லியில் 3ஜியைத் தொடங்கியது. போனை விற்ற இரண்டு கம்பெனிகளின் 3ஜி வந்தது 2011-ல். ரூ.31,000 கொடுத்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெறும் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி.அண்டு.டி. கம்பெனி, 4ஜி போன்களின் திரையில் '5ஜி ஈ' என்று தோன்றும்படி செய்தது. போனும் 4ஜி, இணைப்பும் 4ஜி. சின்னம் மட்டும் புதிது! விளம்பரங்களில் அந்தப் பெயரை விட்டுவிடும்படி, விளம்பரத் தொழிலின் மேல்முறையீட்டுக் குழு 2020-ல் கூறியது.

வீட்டில் அளப்பது எப்படி?

இந்தியாவில் 'டிராய்' அமைப்பின் 'மைஸ்பீடு' என்ற செயலி இருக்கிறது. அதில் யாரும் வேகத்தை அளக்கலாம். முடிவை டிராய்க்கும் அனுப்பலாம். டிராய் 2024-ல் வகுத்த விதிப்படி, எந்த ஊரில் எந்தச் சேவை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடவேண்டும். புது போன் வாங்கும் முன் உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அளப்பதாக இருந்தால் காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று வேளையும் அளவுங்கள். இரண்டு போன்களை ஒப்பிடுவதானால் ஒரே அறையில், ஒரே கம்பெனி சிம்மில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதியுங்கள். அதற்கு முன் வைபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோபுரத்தின் வேகத்தை அளக்கமாட்டீர்கள். வீட்டுக்கு வரும் கம்பியின் வேகத்தைத்தான் அளப்பீர்கள்.