வில்லனுக்கு விசிலடிக்கும் முன்

திருவொற்றியூரில் நாம் நடத்தும் இரவுப் பாடசாலைக்குப் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் வருகிறான். நம் காலனிப் பையன்தான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் சினிமா பேசிக்கொண்டு நிற்பான். எந்தப் படம் முதல் வாரத்தில் எத்தனை கோடி வசூலித்தது, எந்த நடிகரின் அடுத்த படத்துக்கு யார் இசை, எந்தச் சீரியலில் யாரை மாற்றிவிட்டார்கள் என்று எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வான். அண்மையில் அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முப்பது விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்தோம். 'மாமன்னன்' படத்தின் வில்லன் ரத்னவேலு நடந்து வருகிறான். பின்னணியில் அந்தப் படத்தில் இல்லாத வேறொரு பாட்டு.

"இதை ஏன்டா வெச்சிருக்க?" என்று கேட்டோம்.

"செம மாஸ்ணா. என்னமா நடிச்சிருக்காரு!"

"படத்தை முழுசாப் பார்த்தியா?"

சிரித்தான். "இல்லண்ணா, ரீல்ஸ்லதான் பார்த்தேன்."

இந்தப் பதிலைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை. இந்தத் தம்பியைப் போல ஆயிரக்கணக்கான மாணவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலிலும் பொன்னேரி, மீஞ்சூர் பேருந்துகளிலும் தினமும் இத்தகைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்த முப்பது விநாடி எங்கிருந்து வந்தது, யார் வெட்டியது, எதற்காக வெட்டியது என்பதை இந்த வாரம் பேசுவோம்.

மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' 2023 ஜூன் 29 அன்று திரையரங்குகளில் வெளியானது. தனித்தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினராக வடிவேலு, அவர் மகனாக உதயநிதி ஸ்டாலின், சாதி ஆதிக்கக் குடும்பத்து அரசியல்வாதி ரத்னவேலுவாக ஃபஹத் ஃபாசில் நடித்திருந்தனர். ஏழை மாணவர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் ஓர் இடம் அடித்து நொறுக்கப்படுவதில் மோதல் தொடங்குகிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் இடத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாமன்னன் நிற்கிறார்; ரத்னவேலு உட்கார்ந்திருக்கிறான். "உட்காருங்கள்" என்று மகன் அப்பாவிடம் சொல்வதுதான் படத்தின் உயிரான காட்சி. அந்த ரத்னவேலு யார் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பந்தயத்தில் தோற்றுவிட்டது என்பதற்காகத் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்பவன் அவன்.

திரையரங்கில் படத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. ஜூலை 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் படம் வந்த பிறகு நடந்ததுதான் வேறு. ரத்னவேலு வரும் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்தார்கள். நடையை மெதுவாக்கினார்கள். வெவ்வேறு சாதியினர் தத்தம் சாதிப் பெருமைப் பாடல்களை அவற்றின்மேல் ஒட்டி, 'எங்க ஆளு' என்று பரப்பினார்கள். சாதி ஆணவம் எவ்வளவு கொடியது என்று காட்ட உருவாக்கிய பாத்திரம், சில நாட்களிலேயே சாதி ஆணவத்தின் சுவரொட்டியாகிவிட்டது.

ஃபஹத் ஃபாசிலின் நடிப்பைப் பாராட்டுவதில் தவறில்லை. அவர் நன்றாக நடித்ததால்தான் அந்தக் கொடுமை நமக்கு உறைத்தது. ஆனால் நடிகரைப் பாராட்டுவது வேறு, அவர் ஏற்ற பாத்திரத்தின் பின்னால் அணிவகுப்பது வேறு. அந்த வீடியோக்களில் ஒட்டியிருந்த பாட்டுகள் நடிப்பைப் பற்றியவை அல்ல, சாதியைப் பற்றியவை. இது ரசனை அல்ல, அணிதிரட்டல்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடக்கும் கூத்தும் அல்ல. அமெரிக்காவின் மார்வெல் படக்கதைகளில் 'பனிஷர்' என்றொரு பாத்திரம் உண்டு. 1974இல் வந்தது. மார்பில் மண்டையோட்டுச் சின்னத்துடன், சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கொல்பவன். சட்டம் தோற்றுப்போன இடத்தின் அடையாளமாகப் படைக்கப்பட்ட அந்த மனிதனின் சின்னத்தைப் பின்னாளில் சட்டத்தைக் காக்க வேண்டிய காவலர்களே சீருடையிலும் வாகனங்களிலும் ஒட்டிக்கொண்டார்கள். கென்டக்கி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் காவல் துறையே தன் வாகனங்களில் அதை ஒட்டி, எதிர்ப்பு எழுந்த பின் 2017இல் அகற்றியது. வெள்ளை இனவெறிக் கூட்டத்தாரும் அதே சின்னத்தை அணிந்தார்கள்.

அங்கே படைப்பாளிகள் சும்மா இருக்கவில்லை. 2019இல் வந்த ஒரு படக்கதையில், தன் சின்னத்தைக் காரில் ஒட்டியிருக்கும் காவலர்களைப் பனிஷரே கண்டிக்கிறான். அதைக் கிழித்தும் போடுகிறான். பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வே, 2020இல் கறுப்பின ஓவியர்களை அழைத்து அதே மண்டையோட்டைப் புதிதாக வரையச் செய்தார். அந்தப் படம் பதித்த பனியன்களை விற்ற பணம் கறுப்பின மக்களின் உயிருக்காகப் போராடிய இயக்கத்துக்குப் போனது. நம் பாத்திரத்தை யாராவது திருடினால் திரும்பப் பிடுங்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மீண்டும் நம் தம்பியிடம் வருவோம். சாதிப் பெருமை பேசுகிறவர்கள் ரத்னவேலுவைக் கொண்டாடுவது புரிகிறது. அவனால் மிதிபடும் பக்கத்தில் பிறந்த பிள்ளை ஏன் கொண்டாடுகிறான்?

அவனுக்குத் திரை இதுவரை எதைக் காட்டியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். நெடுங்காலம் தமிழ் சினிமாவில் வடசென்னை என்றால் குடிசை, அரிவாள், கடத்தல், கஞ்சா, கொச்சை மொழி. கதாநாயகன் வேறெங்கிருந்தோ வருவான். அடி வாங்குகிற அடியாள் எண்ணூரிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ வருவான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், என்ஃபீல்டிலும் எம்.ஆர்.எஃப்பிலும் விம்கோவிலும் ஷிஃப்ட் பார்த்தவர்கள், சங்கம் கட்டியவர்கள், பிள்ளைகளைப் பட்டதாரியாக்கியவர்கள் அந்தக் கதைகளில் அநேகமாக இல்லை. இன்றும் வேலைக்கான நேர்காணலில் 'திருவொற்றியூர்' என்று முகவரி சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை நம் பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். அந்த முகத்தை மாற்றியதில் சினிமாவுக்கும் பங்குண்டு.

அடிப்பவன், அடிபடுபவன் என்று இரண்டே வேடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளரும் பிள்ளை, அடிபடுபவனாக இருக்க விரும்ப மாட்டான். அதனால் அடிப்பவனின் படத்தை எடுத்து வைத்துக்கொள்கிறான். அது சாதி வெறியல்ல, மரியாதைக்கான பசி. ஆனால் அந்தப் பசிக்கு அவன் உண்பது விஷம்.

மாற்றுச் சோறு இல்லாமலும் இல்லை. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் வந்தது. வியாசர்பாடி குடியிருப்பு இளைஞர்கள் வேலைக்குப் போகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள். ஒரு சுவருக்காக உயிர்கள் போன பிறகு, படம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இடத்தில் முடிகிறது. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டையை மரியாதையோடு காட்டியது. ஆனால் நம் பிள்ளைகளின் செல்போனில் இந்தப் படங்களும் துண்டுகளாகத்தான் வருகின்றன. குத்து வருகிறது, கத்தி வருகிறது. அந்தக் கடைசி வகுப்பறை வருவதில்லை.

துண்டு வீடியோவில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதில் யார் வெட்டப்பட்டார் என்பதுதான் கேள்வி. ரத்னவேலுவின் முப்பது விநாடியில் அந்த நாய் இல்லை. நொறுக்கப்பட்ட பயிற்சி மையம் இல்லை. நின்றுகொண்டே இருந்த மாமன்னன் இல்லை. வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் நம்மவர்கள். நம் இரவுப் பாடசாலை போன்ற ஓர் இடத்தை உடைத்த தரப்பில் நின்றவனைத்தான், இரவுப் பாடசாலைக்கு வரும் பிள்ளை தன் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான்.

இது வெறும் சினிமாப் பேச்சு என்று சொல்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட விரும்புகிறோம். 2023 ஆகஸ்ட் 9. இந்த வீடியோக்கள் பரவிக்கொண்டிருந்த அதே நாட்கள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியதாகக் கைதானவர்கள் உடன்படித்த மாணவர்கள். அந்தப் படமோ வீடியோவோதான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையும் அல்ல. ஆனால் சாதி பள்ளிக்கூடத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்த நாள் காட்டியது. அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தவிர்க்கச் செய்ய வேண்டும் என்றது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லலாம். செல்போனுக்குள் கட்டியிருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது? அதை ரசிகன் தானேதான் அவிழ்க்க வேண்டும். வெட்டுப்பட்ட அந்த மாணவன் 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மாஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடுகிறவர்கள் அங்கே தேடலாம்.

ரசிகனால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வெற்றிமாறனின் 'வடசென்னை' 2018 அக்டோபரில் வெளியானபோது, ஒரு காட்சி தங்களைப் புண்படுத்துவதாக மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். காட்சியை நீக்குவதாகவும் அறிவித்தார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடற்கரைக் குப்பத்தின் கருத்து திரையை மாற்றியது.

2023 மார்ச் 30 அன்று, 'பத்து தல' வெளியான காலையில், கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட் இருந்தும் வாயிலில் தடுக்கப்பட்டது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்திருந்தது. தணிக்கைச் சான்றிதழின்படி சிறுவர்களை அனுமதிக்க முடியாததே காரணம் என்று நிர்வாகம் பின்னர் விளக்கம் சொன்னது. ஆனால் அந்த இடத்திலேயே தட்டிக் கேட்டவர்களும், செல்போனில் பதிவு செய்து வெளியிட்டவர்களும் படம் பார்க்க வந்த சாதாரண ரசிகர்கள்தான். அந்தக் குடும்பம் உள்ளே போனது. ரத்னவேலுவைக் கொண்டாடிய கையில் இருந்ததும் செல்போன்தான், ரோகிணி வாசலில் நியாயம் கேட்ட கையில் இருந்ததும் அதே செல்போன்தான்.

அந்தத் தம்பியைத் திட்டவில்லை. ஸ்டேட்டஸை எடு என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் உட்கார்ந்து 'மாமன்னன்' முழுப் படத்தையும் பார்த்தோம். நாய் சாகும் இடத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. அப்பாவை மகன் உட்காரச் சொன்ன இடத்தில் கைதட்டினார்கள். படம் முடிந்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"சரிண்ணா. ஆனா அவனை மட்டும் ஏன் அவ்ளோ கெத்தா காட்டுறாங்க? மாமன்னனை ஏன் அப்படிக் காட்டல?"

நியாயமான கேள்வி. வில்லனுக்கு உயரமான நாற்காலியும் நிதானமான கேமராவும் கனமான இசையும் தருகிற பழக்கம், நம் வலியைப் பேசும் இயக்குநர்களையும் விட்டபாடில்லை. வெட்டி எடுத்துப் பரப்பத் தோதாக அந்தக் காட்சிகள் இருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. இந்தக் கேள்வியைத் திரைத்துறைத் தோழர்களுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

அவனுக்கு நாம் சொன்ன பதில் வேறு. 1937இல் சென்னையின் மேயரானவர், பின்னர் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் இருந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை, நம்மில் ஒருவர். 2012 முதல் 2021 வரை அதே நாற்காலியில் இருந்த ப. தனபால் அருந்ததியர். படத்தின் முடிவில் மாமன்னன் சபாநாயகர் நாற்காலியில் உட்காருவது கற்பனை. அதற்கு முன்பே இவர்கள் அங்கே உட்கார்ந்தது வரலாறு. இவர்களைப் பற்றி முப்பது விநாடி வீடியோ ஒன்றுகூடத் தன் போனுக்கு வந்ததில்லை என்றான் தம்பி. வராது. அதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுப் பரப்ப வேண்டியவர்கள் நீங்கள்தான் என்றோம்.

மாணவர்களே, சினிமா பாருங்கள், சண்டை போடுங்கள், விசிலடியுங்கள். யாருக்கு அடிக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு வீடியோவைப் பகிர விரல் போகும்போது, இதில் வெட்டப்பட்டவர் யார் என்று கேளுங்கள். அது நீங்களாகவே இருக்கக்கூடும்.