நின்ற காலத்திலும் வளரும் உடல்

காலத்தை நிறுத்தும் ஆற்றல் என்னும் கற்பனை அறிவியல் புனைவுக்குள் முதலில் நகைச்சுவையாகவே நுழைந்தது. எச். ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய ‘தி நியூ ஆக்சிலரேட்டர்’ கதையில் ஒரு மருந்தைக் குடித்த இருவரின் உடலியக்கம் பல்லாயிரம் மடங்கு விரைவுபட, அவர்களைச் சுற்றிய கடற்கரை நகரம் சிலைகளின் கூட்டமாகத் தோன்றுகிறது. அந்த விரைவில் நடப்பவரின் உடை காற்றோடு உரசிக் கருகத் தொடங்கும் என்பது வரை வெல்ஸ் கணக்குப் பார்த்திருக்கிறார். ரெனே கிளேரின் ‘உறங்கும் பாரிஸ்’ (1925) என்ற மௌனப்படத்தில் விஞ்ஞானி ஒருவரின் கதிர் நகரையே உறைய வைக்க, அது எட்டாத உயரத்தில் ஈபிள் கோபுரத்தின் மேல் இருந்த காவலாளியும், விமானத்தில் வந்திறங்கிய சிலரும் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு அலுத்துப்போய்த் தங்களுக்குள்ளேயே சண்டையிடுகிறார்கள். இவ்விரு படைப்புகளிலும் நின்றுபோன உலகம் என்பது காவலற்றுத் திறந்துகிடக்கும் கடைவீதி; இழந்தவர் எவரும் அதற்குள் நடமாடவில்லை.

அந்தக் கடைவீதிக்குள் துயரத்தை நடமாடவிட்ட படங்களில், ஓம் டே-ஹ்வா இயக்கி 2016 நவம்பரில் வெளிவந்த ‘வேனிஷிங் டைம்’ என்னும் தென்கொரியப் படம் தனியே எண்ணத்தக்கது. தாயை இழந்து மாற்றாந்தந்தையோடு ஒரு தீவுக்குக் குடிவரும் சூ-ரின் என்ற சிறுமிக்கு, பெற்றோரற்ற சங்-மின் என்ற சிறுவன் ஒருவனே தோழன். மலையில் சுரங்கப்பாதைக்கு வெடி வைப்பதைப் பார்க்கச் செல்லும் பிள்ளைகள் குகையொன்றில் ஒளிரும் முட்டையைக் கண்டெடுக்கிறார்கள். சூ-ரின் உடனில்லாத சிறுபொழுதில் பையன்கள் மூவரும் அதை உடைத்துவிட, அவர்களைத் தவிர உலகம் முழுதும் நின்றுவிடுகிறது. பிள்ளைகளைத் தேடி ஊர் சில நாட்களே அலைந்த நிலையில், சங்-மின் வளர்ந்த ஆடவனாக (காங் டோங்-வொன்) அவள்முன் வந்து நிற்கிறான். அவள் தனக்கென்று உருவாக்கி அவனுக்கு மட்டும் கற்றுத்தந்த மறைவெழுத்தில் அவன் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றுதான் கழிந்த ஆண்டுகளுக்குச் சான்று. அதைப் படிக்கத் தெரிந்தவள் நம்புகிறாள். படிக்கத் தெரியாத காவல்துறைக்கு அவன் பிள்ளை கடத்துபவன்.

காலம் உண்மையாகவே நின்றால் ஒளியும் நின்று கண் எதையும் காணாது, காற்றும் நின்று மூச்சு உள்ளே போகாது என்ற எளிய இயற்பியலைப் படம் பொருட்படுத்துவதில்லை. அதை மன்னித்துவிடலாம், ஏனெனில் ஒரு விதியை மட்டும் அது இரக்கமின்றிக் கடைப்பிடிக்கிறது. உலகம் நின்றாலும் நிறுத்தியவனின் உடல் நிற்பதில்லை. ஐன்ஸ்டைனின் சார்பியல் கூறும் கால விரிவு, அதாவது பெருநிறைக்கு அருகிலுள்ள கடிகாரம் தொலைவிலுள்ள கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்னும் விளைவு, ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) படத்தில் ஒரு கோளின் ஒரு மணி நேரத்தைப் பூமியின் ஏழு ஆண்டுகளாக்குகிறது. தந்தை இளமை குன்றாதிருக்க, மகள் அவரை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறாள். இறந்தவர் இறந்த வயதிலேயே நிற்க, எஞ்சியவர் மூப்படையும் முறைமை அது. ஆகவே அந்தத் தந்தை அமர்ந்திருப்பது இறந்தவரின் இருக்கையில். சங்-மினோ எஞ்சியவரின் இருக்கையில் இருக்கிறான். பிறருக்குச் சில நாட்களாகக் கழிந்ததை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து தீர்த்தவன் அவன். படத்தின் கொரியப் பெயருக்கு ‘மறைக்கப்பட்ட காலம்’ என்று பொருள். துயரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

துக்கம் என்பது ஓர் உணர்ச்சி மட்டுமன்று, சிறிது சிறிதாக, மிகுந்த காலமும் ஆற்றலும் செலவிட்டுச் செய்து முடிக்க வேண்டிய வேலை என்பது 1917இல் வெளியான கட்டுரையொன்றில் ஃப்ராய்ட் முன்வைத்த கருத்து. ‘துக்கவேலை’ என்னும் சொல் அதிலிருந்து வருவது. அந்த வேலைக்கான நேரத்தை உலகம் தருவதில்லை என்பதே இழந்தவரின் முறையீடு என்றால், காலத்தை நிறுத்தும் ஆற்றல் அந்த நேரத்தை வரம்பின்றித் தந்து, கூலியாக ஆயுளைப் பிடித்துக்கொள்கிறது. மலைமேலிருந்து விழும் சூ-ரினைக் காக்க இறுதியில் இன்னொரு முட்டையை உடைக்கும் சங்-மின், பின்னொருநாள் கப்பலில் அவள் கண்ணில் படும்போது மேலும் மூப்படைந்திருக்கிறான்.

அதே 2016இல் தமிழில் வந்த விக்ரம் குமாரின் ‘24’ படத்திலும் காலத்தை நிறுத்தும் கடிகாரம் உண்டு. பின்னர் மனைவியை இழக்கும் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு அது. ஆனால் மகன் கைக்கு வந்ததும் அது பெரிதும் காதல் விளையாட்டுக்கே பயன்பட்டு, இழப்பு இறுதியில் பழையபடி திருத்தி எழுதப்பட்டுவிடுகிறது. வெல்ஸின் நகைச்சுவை மரபில் அது குறையன்று. துயரத்தைத் தொட்ட படம் என்று கொண்டால் குறையே. ‘வேனிஷிங் டைம்’ படத்தின் பிற்பகுதியும் காவல்துறைத் துரத்தலில் தளர்ந்துபோகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காணாமல் போன பிள்ளைகளையும் நம்ப மறுக்கும் பெரியவர்களையும் பற்றிய கதையை, அந்த ஆண்டின் கொரியப் பார்வையாளர் வெறும் கற்பனையாகப் பார்த்திருக்க இயலாது. 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி இறந்த 304 பேரில் 250 பேர் ஆன்சான் நகரின் டான்வொன் மேல்நிலைப்பள்ளி மாணவர்கள். அவர்களுடைய பத்து வகுப்பறைகள் மேசை நாற்காலிகளோடு அப்படியே விடப்பட்டிருந்தன. பிற மாணவர்களின் பெற்றோர் இடம் கேட்டனர். இறந்தவர்களின் பெற்றோர் விட மறுத்தனர். ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டு காலங்கள் ஓடிக்கொண்டிருந்தன. படம் திரைக்கு வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2016 ஆகஸ்டில், அந்த மேசைகள் பள்ளியிலிருந்து வேறிடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன.