தங்கச்சியின் லெப்டொப்பில் உங்கள் ஹீரோத்தனம் எதற்கு?



கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் ஊர்த் தம்பிமார் சிலருக்கு இது சுடும். சுடட்டும்.

போன கிழமை ஏ.எல் படிக்கும் பிள்ளை ஒன்று லெப்டொப்போடு வந்து நின்றது. சொந்தக்கார நானா ஒருவர் "விண்டோஸ் வேணாம், ஹெக்கர்மார் பாவிக்கிறது இதுதான்" என்று காலி லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். போடும்போது முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டார். ஐ.சி.டி புரொஜெக்ட், இரண்டு வருட நோட்ஸ், ஒன்றும் மிச்சமில்லை. பெயருக்கேற்ற மாதிரி எல்லாமே காலி!

காலி லினக்ஸ் கூடாத சாமான் அல்ல. கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கிற ஆட்களின் ஆயுதப் பெட்டி அது. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக்கூட வாசிக்காதவர்தான் அடுத்தவரின் லெப்டொப்பில் கை வைக்கிறார்.

இன்னொரு கூட்டம் 'ஆர்ச்' போடச் சொல்கிறது. ஆர்ச்சில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் அறிவித்தலைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பையும் வேர்டையும் மட்டும் அறிந்த உம்மா அதைச் செய்வாவா?

"கஷ்டப்பட்டால்தானே சேர் படிக்கலாம்" என்பார்கள். படியுங்கள், தாராளமாக. உங்கள் மெஷினில், இல்லையென்றால் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் உடைத்துப் படியுங்கள். பரீட்சைக்கு நிற்கிற பிள்ளையின் லெப்டொப் உங்கள் ஆய்வுகூடம் இல்லை.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. டி.பி.எம் 2.0 இல்லாத பழைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் லினக்ஸுக்கு மாறுவது நல்ல முடிவு, நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் போட முதல் கேளுங்கள்: பாவிக்கப்போவது யார், என்ன வேலைக்கு, பழுதானால் யார் பார்ப்பது? புதிய ஆள் என்றால் லினக்ஸ் மின்ட் போதும். மெனு விண்டோஸ் மாதிரியே கீழே இடப்பக்கம் இருக்கும். 4 ஜிபி ரெம் மெஷினுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. லிப்ரே ஒபிஸும் ஏ.எல்லுக்குத் தேவையான பைத்தனும் கூடவே வரும். நிறுவாமலே பென்ட்ரைவில் ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் பார்க்கலாம். அதற்குப் பிறகும், ஃபைல்களை வேறிடத்தில் கொப்பி எடுக்காமல் "இன்ஸ்டோல்" அமத்தவே வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நோட்ஸைக் கூட்டாளிமாரிடம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். புரொஜெக்ட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த நானா இதை வாசித்தால், பின்னேரங்களில் வந்து கூட இருந்து உதவட்டும்.