மூட வேண்டியது வேலைவாய்ப்பு அலுவலகத்தை அல்ல

‘லட்சக்கணக்கில் பதிகிறார்கள், வேலை யாருக்குக் கிடைக்கிறது? சம்பளமும் வாடகையும் தண்டச் செலவு, இழுத்து மூடுங்கள்’ என்கிறார்கள். தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 2021இல் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் தோழர்களே, அந்த வரிசை ஏன் நகரவில்லை?

1959இல் வந்த சட்டம், காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்தே ஆள் எடுக்கக் கட்டாயமில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. தெரிவிக்காவிட்டால் அந்தச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,000 என்றுதான் இருந்தது. அலுவலகங்களின் பியூன், வாட்ச்மேன், துப்புரவு வேலைகளைத் தெரிவிக்கவே தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தது. அந்த வேலைகளில் பெரும்பாலும் யாரை வைக்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 1996இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்கச் சொன்னது. பதிவு மூப்பு மதிப்பிழந்தது.

நெய்வேலியைப் பாருங்கள். என்எல்சி மத்திய அரசு நிறுவனம். 2022இல் 299 பொறியாளர் இடங்களுக்கு அகில இந்திய கேட் மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்தது. கீழே வந்தால், அள்ளவும் பெருக்கவும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15%, பழங்குடியினருக்கு 7.5% இடம் உண்டு. ஒப்பந்தக்காரர் எடுக்கும் ஆளுக்கு எந்த இனச்சுழற்சி?

செலவைப் பற்றிப் பேசுகிறார்கள். பத்தாவதில் தவறியவருக்கு மாதம் 200, பட்டதாரிக்கு 600. இதுதான் வேலையில்லாதோர் உதவித்தொகை. பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகே அதுவும், மூன்றாண்டுக்கு மட்டும். பட்டதாரிக்கு நாளுக்கு 20 ரூபாய்! இதுவா அரசைத் திவாலாக்குகிறது?

சிபாரிசும் சொந்தபந்தமும் இல்லாத சேரிப் பிள்ளைக்கு, பதிவு மூப்பும் இனச்சுழற்சியும் சேர்ந்த அந்தப் பட்டியல் ஒரு வாசல். அலுவலகத்தை மூடினால் மிஞ்சுவது ஒப்பந்தக்காரரின் வாசல். அங்கே வரிசை கிடையாது, கும்பிடுதான்.

நாம் கேட்பது மூன்று. மாவட்டவாரியாக, சாதிவாரியாக எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் வேலை பெற்றார்கள், எவ்வளவு செலவு என்று ஒரே வெள்ளை அறிக்கை வேண்டும். துப்புரவு, காவல் வேலைகளுக்கும் காலியிட அறிவிப்பு கட்டாயமாக வேண்டும். பொதுத்துறையின் ஒப்பந்த வேலைகளை வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் வழியாக, இனச்சுழற்சியோடு நிரப்ப வேண்டும்.

அதைச் செய்துவிட்டு, பலன் உண்டா இல்லையா என்று கணக்குப் பார்க்கட்டும். கையைக் கட்டிப்போட்டுவிட்டு, உழைக்கவில்லை என்று பழி சொல்வது நமக்குப் புதிதா என்ன?

ஜெய்பீம்!