பேசும் பதுமைகளும் நம் பிள்ளைகளும்



விக்கிரமாதித்தன் கதையை நம் முன்னோர் விரும்பிக் கேட்டனர். போஜராஜன் சிங்காசனத்தில் ஏற முற்படும்போதெல்லாம் 32 பதுமைகளுள் ஒன்று வாய் திறந்து, அவனைத் தடுத்து நிறுத்திக் கதை சொல்லும். வேதாளமோ கதையின் முடிவில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் மன்னன் வாளாவிருந்தால் தலை வெடித்துவிடும். விடை கூறினாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். கேட்பவனும் கதையில் பங்குகொள்ள வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் நம்மவர்.

இன்று அப்பதுமைகள் கைப்பேசிக்குள் குடியேறியுள்ளன. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கதைப் பாத்திரங்களிடம் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், அவை விடையளிக்கும், அதற்கேற்பக் கதையும் திசை மாறும். இதில் மாயம் ஏதுமில்லை. பாத்திரத்தின் பெயர், குணம், வரலாறு ஆகியவற்றை முன்னரே எழுதிக் கொடுக்கின்றனர். ஏராளமான நூல்களிலும் இணையத்திலும் உள்ள எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி, அடுத்து எச்சொல் வருவது பொருந்தும் எனக் கணித்துக் கணித்துப் பேசுகிறது.

இதன் முன்னோடி 1966-இல் வெளிவந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய ‘எலைசா’ என்னும் நிரல், பேசுபவரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கியது, அவ்வளவே. ஆயினும் அவருடைய செயலாளரே அதனுடன் தனிமையில் பேச விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம். உருவாக்கியவரே அஞ்சினார், 1976-இல் எச்சரித்து நூலும் எழுதினார்.

அவ்வச்சம் வீண்போகவில்லை. இத்தகைய பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற ‘கேரக்டர் ஏஐ’ நிறுவனம், பெற்றோர் தொடுத்த வழக்குகளுக்குப் பின்னர், 18 வயது நிறையாதோர் அவற்றுடன் கட்டுப்பாடின்றி உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்தியது.

அப்படியானால் இதனை அறவே ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நம் கியாக்தான் பிள்ளைகள் பள்ளியிலும் கடைத்தெருவிலும் பர்மிய மொழியே பேசுகின்றனர். வார இறுதியில் கற்கும் தமிழை வாரநாளில் பேசிப் பழகத் துணையில்லை. பிழை செய்தால் நகைக்காத, சலிப்பின்றி மறுமொழி கூறும் பாத்திரம் ஒன்று அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

ஆனால் இரண்டு குறைகளை நாம் மறத்தலாகாது. வேதாளம் மன்னனை மடக்கிக் கேள்வி கேட்டது. இயந்திரப் பாத்திரமோ பெரும்பாலும் நம் மனம் மகிழும்படியே பேசுகிறது. ‘ஆமாம்’ என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, நாளை அண்டை வீட்டாரின் ‘இல்லை’யைத் தாங்குமா?

இரண்டாவது குறை நம்முடையது. எழுத்தில் ஏறியதை மட்டுமே இயந்திரம் அறியும். ஆற்றின் நடுவே உள்ள யேலே பகோடாவைப் பற்றி அது ஏதேனும் சொல்லும்; பயணநூல்களில் அச்செய்தி உண்டு. ஆனால் உங்கள் பூட்டனார் கப்பலேறி வந்த கதையும், 1942-இல் போருக்கு அஞ்சிப் பலர் கால்நடையாய் இந்தியா சென்றபோது உங்கள் குடும்பம் என் செய்தது என்பதும், 1965-இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின்னர் வீட்டுத் திண்ணையில் தமிழ் எவ்வாறு பிழைத்தது என்பதும் எந்த ஏட்டில் உள்ளன? அவை பாட்டியின் நெஞ்சில் உள்ளன. பாட்டி போய்விட்டால் அவையும் போய்விடும். பின்னர் எத்துணை அறிவுள்ள பதுமையைக் கேட்டாலும், அது இட்டுக்கட்டியே சொல்லும்.

ஆகவே மாணவச் செல்வங்களே! இவ்வாண்டு ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து ஒரு கதை கேளுங்கள். ‘உம்’ கொட்டுங்கள், இடைமறித்துக் கேள்வியும் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதிப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பெற்றோர்களே! பிள்ளை இயந்திரப் பாத்திரத்துடன் பேசும்போது அருகில் அமருங்கள். அது சொல்வது மெய்யா பொய்யா என்று இருவருமாய் ஆராயுங்கள்.

பதுமை பேசட்டும், தடையில்லை. ஆனால் பாட்டி முதலில் பேசட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!