எந்த வருமானத்தை எழுதுவது?

எங்கள் தெருவுக்குக் காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவருபவர், போன மாதம் ஒரு நாள் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மாடியேறி வந்தார். “சார், டிரஸ்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். பாப்பா ஸ்கூல் ஃபீஸ் விஷயமா.”

தாராவியில் விடியுமுன் அடுப்பு மூட்டி, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று பிரிந்து போகும் தமிழ் இட்லிக்காரர்களை மும்பையில் வசிப்பவர்கள் அறிவார்கள். இவரும் அவர்களில் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியிலேயே பிறந்தவர். மகள் ஒரு சிறிய ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வருடத்துக்கு 28,000 ரூபாய். பாதி கட்டியாகிவிட்டது. மீதியைக் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பழக்கம்தான். அவற்றுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முதல் பத்தியில் வறுமை, இரண்டாவதில் பிள்ளையின் மதிப்பெண், மூன்றாவதில் தாங்கள் பெரிய மனது வைத்து. ஆனால் இந்த முறை பேனாவை எடுத்தபோது சற்று எரிச்சலாக இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்கக் கூடாது.

அன்றுதான் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. பெரிய மனது யாரும் வைக்கத் தேவையில்லை, இது உரிமை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

“அதுக்கும் போனேன் சார்” என்றார் இட்லிக்காரர்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று சாதிச் சான்றிதழ். அவரிடம் இருக்கிறது. ஆனால் அப்பா பெயரில், திருநெல்வேலியில் வாங்கியது. இங்கே செல்லாது. மகாராஷ்டிர அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். அதை வாங்க வேண்டுமானால், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். குடியரசுத் தலைவரின் ஆணை வந்த நாள் அது. தாத்தா அதற்கும் முன்பே தாராவித் தோல் கிடங்குக்கு வந்துவிட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது. தோல் பதனிட வந்த கூலிக்கு யார் அன்று ரசீது கொடுத்தார்கள்? டில்லி, பெங்களூர், புனே என்று எங்கெல்லாம் தமிழ்த் தொழிலாளிகள் போயிருக்கிறார்களோ, ஊர்ச் சான்றிதழ் எல்லையில் நின்றுவிடும் இந்தக் கதையை அங்கெல்லாம் கேட்கலாம்.

இரண்டாவது வாசல் வருமானம். ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுச் சேர்க்கையிலும் இதே வரம்புதான். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: மாதம் 8,333 ரூபாய். மும்பையில் ஒரு குடும்பம் அந்தப் பணத்தில் வாடகை கொடுத்துவிட்டு என்ன சாப்பிடும் என்பதை வரம்பு வகுத்தவர்கள் சொன்னால் தேவலை. நம் இட்லிக்காரருக்கு அரிசி, உளுந்து, எரிவாயு போக நல்ல நாளில் 500 ரூபாய் நிற்கும். மழைக்காலத்தில் பல நாள் அதுவும் இல்லை. எப்படிக் கூட்டினாலும் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. சட்டப்படி அவர் ஏழை இல்லை. இதே மனிதர் திருநெல்வேலியில் இட்லி விற்றிருந்தால் ஏழை. தமிழ்நாட்டில் வரம்பு இரண்டு லட்சம். டில்லியிலும் வெகுகாலம் ஒரு லட்சமாகவே இருந்து, 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டரை லட்சமாக்கச் சொன்ன பிறகுதான் அசைந்தது.

தாசில்தார் அலுவலக வாசலில் ஒருவர் 90,000 ரூபாய்க்குச் சான்றிதழ் ‘ஏற்பாடு’ செய்வதாகச் சொன்னாராம். இவர் பயந்து வந்துவிட்டார். பயந்தது சரிதான். நாக்பூரில் 2024ல் போலி ஆவணம் கொடுத்ததாகப் பெற்றோர்கள் மீது வழக்கே பதிவாயிற்று.

பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வருடமும் 2024தான். அந்த பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தியது: ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளி 25 சதவீதம் ஒதுக்க வேண்டியதில்லை. மும்பையில் எந்தத் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு மாநகராட்சிப் பள்ளி வரும். ஆகவே சட்டம் ஏட்டில் இருந்தது, இடம் மறைந்தது. ஊர் மும்பையான பிறகும் பம்பாய் என்ற பெயரை விடாத உயர் நீதிமன்றம் மே மாதம் திருத்தத்துக்குத் தடை விதித்து, ஜூலை 19ல் செல்லாது என்று தள்ளியது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இங்கே பள்ளிகள் திறப்பது ஜூனில். தகுதி இருந்தும் பொறுமை இல்லாத பெற்றோர் பலர் அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தார்கள். 2025ல் தமிழ்நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. மத்திய அரசு நிதி தரவில்லை, மாநில அரசு சேர்க்கை நடத்தவில்லை, தொடங்கியபோது அக்டோபர்.

பள்ளிக்காரர்களை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. அரசு திருப்பித் தருவது மகாராஷ்டிரத்தில் ஒரு பிள்ளைக்கு வருடம் 17,670 ரூபாய் என்று நிர்ணயமாகியிருந்தது. அதுவும் வருடக்கணக்கில் பாக்கி. சிறிய பள்ளி எத்தனை நாள் தாங்கும்?

மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் உண்டு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசம். அவரே அதில் படித்தவர்தான். “படிச்சு முடிச்சதும் மேல தமிழ்ல எங்க சார் போறது? நான் இட்லிக்குப் போனேன்” என்றார். பத்தாவது வரை தமிழில் படிக்க இந்த நகரத்தில் இடம் மிகக் குறைவு. மாநகராட்சியே நடத்தும் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கோ குலுக்கல். அதில் பெயர் வரவில்லை. இதற்கு மேல் அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை.

ஆக, மிச்சம் டிரஸ்ட்தான். 25 சதவீதம் நுழைவு வகுப்புக்கு மட்டும் என்பதால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டத்தில் இனி இடமில்லை. நான் பார்த்தவரை அறக்கட்டளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்றால் மனமிரங்கும். இரண்டாம் வகுப்புக்கு இரங்குவது அபூர்வம். மதிப்பெண்ணைக் காட்டி அழ இன்னும் வயது வரவில்லை பாருங்கள். இரங்குகிற ஓரிரண்டும் ரேஷன் கார்டு, பள்ளியின் கட்டண விவரம், வருமானச் சான்றிதழ் எல்லாம் கேட்டு, காசோலையைப் பள்ளியின் பெயரில்தான் தரும். அது நல்ல வழக்கம். புத்தகம், சீருடை, வேன் இவற்றுக்கு அந்தக் காசோலை உதவாது என்பது தனிக் கதை.

எழுத உட்கார்ந்தோம். பள்ளிக்கு ஒரு கடிதம், மீதியை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு. டிரஸ்டுக்கு ஒன்று. பள்ளிக் கடிதத்தில், என்னால் கட்ட முடியும், அவகாசம்தான் வேண்டும் என்று எழுதச் சொன்னார். கட்டவே முடியாதவன் என்று தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்களாம். டிரஸ்ட் கடிதத்தில் என்னால் கட்டவே முடியாது என்று எழுத வேண்டும்.

“வருமானம்னு ஒரு இடம் இருக்கே சார், அதுல எதைப் போடறது?”

உள்ளதைப் போடுங்கள் என்றேன். ஒன்றரை லட்சம். இரண்டு கடிதத்திலும் அதையே எழுதினோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இட்லி ஆறிவிட்டது என்று கீழே இறங்கினார். டிரஸ்டிலிருந்து இதை எழுதும்வரை பதில் இல்லை. பள்ளி இரண்டு தவணைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது.